அந்தக் கம்பத்தில் கொடி இல்லை

கொடியை நான் ஏற்றவில்லை. ஏற்றிவிட்டேன் என்று சொன்னேன். மறுநாள், ஏற்றினேன் என்று என் கையாலேயே எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன்.

என் குற்றம் இவ்வளவுதான். மூன்று வரியில் அடங்கிவிட்டது, பார்த்தீர்களா? இந்த மூன்று வரியைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இதைச் சொல்லக் கிளம்பிய அன்று, வாலாஜாபாத்தை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வேலை பார்த்த அரிசி ஆலையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தவிட்டுத் தூசி படிந்த சட்டை, தோளில் ஒரு துணிப்பை, காலில் வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டிய செருப்பு. பின்னால் வந்த பேருந்து ஒன்று வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "காஞ்சிபுரந்தானே? ஏறு பா, காலியாத்தான் இருக்குது" என்றார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன்.

ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேனே! நடந்து போனால் வழியில் மனம் மாறிவிடலாம்... அந்த நப்பாசையில்தான் நடந்தேன். உங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை, இதையும் எழுதிவிடுகிறேன்.

ஐயம்பேட்டையில் ஒரு குழாயடியில் தண்ணீர் குடித்தேன். அதற்கு முந்தைய நாள் மதியம் சாப்பிட்டது. பசியைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அது வரும், சற்று நேரம் இருக்கும், போய்விடும். போகாதவை வேறு.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பதினைந்து வயதிலிருந்து ஊர் ஊராகத் திரிந்தவன். உப்பளம், செங்கல் சூளை, லாரி... எதிலும் ஓராண்டு நிலைத்ததில்லை. அப்படித் திரிகையில்தான், கடலோரச் சுங்கச் சாவடி ஒன்றில் ரோந்துப் படகில் கூலியாள் வேலை கிடைத்தது. எந்த ஊர்ச் சாவடி என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தவறு என்னுடையது, ஊரின் பெயர் எதற்கு?

அந்த ஆண்டுகளில் கடல் வழியாக எதுவெல்லாமோ வந்து இறங்கியது. கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர், நைலக்ஸ் சேலை, தங்கக் கட்டி, வெளிநாட்டுப் பட்டு நூல். தீர்வை கட்டாத சரக்கு. அதைப் பிடிக்கத்தான் எங்கள் படகு கரையை ஒட்டி மேலும் கீழும் போய்வரும். தளம் கழுவுவது, கயிறு சுற்றுவது, சமைப்பது என் வேலைகள். இன்னொரு வேலையும் உண்டு. அதிகாரி கை காட்டினால் கம்பத்தில் கொடி ஏற்றவேண்டும்.

மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கொடி. 'உடனே நில்' என்பது அதன் பொருள். உலகம் முழுக்க அதற்கு அதுதான் பொருளாம். சட்டத்திலேயே எழுதியிருந்தது: கொடியைக் கண்டும் நிற்காமல் ஓடும் படகைப் பறிமுதல் செய்யலாம்.

எங்கள் கரையின் மீனவர்களுக்குச் சட்டம் தெரியாது, வழக்கம் தெரியும். பின்னால் எங்கள் படகு வருவது தெரிந்தால் ஒருமுறை திரும்பிக் கம்பத்தைப் பார்ப்பார்கள். கம்பம் வெறுமையாக இருந்தால் நாங்கள் எங்கள் பாட்டுக்குப் போகிறோம் என்று பொருள். கொடி இருந்தால் பாயை இறக்கிவிட்டு நிற்பார்கள். நாங்கள் ஏறிப் பார்ப்போம், மீன் இருக்கும், இறங்கிவிடுவோம். யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை.

நான் பொய் சொன்ன நாளுக்கு முந்தைய நாள் துணி துவைத்தேன்...

ஆம், துணி துவைத்தேன்! அங்கேதான் தொடங்கியது. கரையில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே துணி காயப்போடக் கயிறு வேண்டியிருந்தது. கொடி ஏற்றும் கயிறு நல்ல கயிறு. உப்புத் தண்ணீரில் ஊறினாலும் முறுக்கு விடாது. அதைக் கம்பத்திலிருந்து உருவிக்கொண்டு போய்க் கட்டினேன். சாயங்காலம் திரும்பக் கோத்துவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் மறந்துபோனேன். காலையில் படகு புறப்பட்டுவிட்டது. என் இரண்டு சட்டைகளும் ஒரு வேட்டியும் அந்தக் கயிற்றில் கரையிலேயே ஆடிக்கொண்டிருந்தன.

பிற்பகலில் ஒரு பாய்மரப் படகு கண்ணில் பட்டது. கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பட்டு நூல் மூட்டைகள் அன்று வரும் என்று அதிகாரிக்கு எங்கிருந்தோ தகவல் வந்திருந்தது. அவர் சுக்கான் அறைக்குள்ளிருந்து கத்தினார்.

"டேய், கொடியை ஏத்துடா!"

கொடி என் கையில் இருந்தது. கயிறு இல்லை. என்ன செய்திருக்கவேண்டும்? "கயிறு இல்லை சார்" என்று சொல்லியிருந்தால் நாலு திட்டு விழுந்திருக்கும். மிஞ்சினால் வேலை போயிருக்கும். எனக்கு வேலை போவது புதிதா? கம்பத்தில் தொற்றி ஏறிக் கையால் பிடித்துக் காட்டியிருக்கலாம். ஒரு துடுப்பில் கட்டித் தூக்கியிருக்கலாம். இப்போது எத்தனை வழிகள் தோன்றுகின்றன!

"ஏத்தியாச்சு சார்!" என்றேன்.

அறையின் கூரை மறைத்தது. அவருக்குக் கம்பம் தெரியாது.

சங்கு ஊதினார்கள். காற்று எதிர்க்காற்று, சத்தம் எங்கள் காதிலேயே திரும்பி விழுந்தது. அப்போது, முன்னால் போன படகில் பின்பக்கம் நின்றிருந்த மனிதர் திரும்பினார். புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் கம்பத்தைப் பார்த்தார். அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். நன்றாகப் பார்த்தார்... நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லையென்று கண்டு, திரும்பிக்கொண்டு தன் வழியே போனார்.

அவர் பெயர் கன்னியப்பன். அது எனக்கு அப்போது தெரியாது.

அரை மணி நேரம் துரத்தி அவர் படகை மறித்தோம். அதிகாரி அறையைவிட்டு வெளியே வந்தபோது, அப்போதுதான் இறக்கியவனைப்போலக் கொடியை மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மீனும் வலையும்தான் இருந்தன. ஆனால் நாங்கள் வந்த வழியில், எண்ணெய்த்துணியில் கட்டிய மூட்டை ஒன்று தண்ணீரில் மிதந்தது. பிரித்தால் பட்டு நூல். யார் எறிந்ததோ, எந்தப் படகிலிருந்து நழுவியதோ... இன்றுவரை தெரியாது. அதிகாரி கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான்: "தப்பு பண்ணலைன்னா கொடியைப் பார்த்தும் ஏன் நிக்காம ஓடினே?"

"கொடி பாக்கலையே சாமி" என்றார் கன்னியப்பன்.

மறுநாள் சாவடியில் விசாரணை நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற பெருமையோடு நானே என் வாக்குமூலத்தை எழுதினேன். குண்டு குண்டான எழுத்து. கயிற்றை விடியும்முன்பே கோத்துவைத்துவிட்டேன், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்தபோது கன்னியப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"தம்பி, நீ மெய்யா சொல்லு. கொடி ஏத்தினியா?"

கோபமே இல்லாமல் கேட்டார். வழி கேட்பதைப்போலக் கேட்டார்.

"ஏத்தினேண்ணே. நீங்கதான் பாக்கல."

கண்களைத் தேய்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், "நான்தான் பாக்காம உட்டுட்டிருப்பேன் சாமி" என்று தானே சொல்லி, அதற்குக் கைநாட்டும் வைத்தார்.

படகு போயிற்று. அவரும் அவர் மைத்துனரும் சேர்ந்து கட்டிய படகு. சாவடிக்குப் பின்னால் மணலில் கவிழ்த்துப் போட்டார்கள். நான் ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அங்கிருந்து ஓடிவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள். நான் மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறந்தவனைப்போல இருக்கப் பழகியிருந்தேன். படகுதானே, மேல்முறையீடு செய்வார்கள், கிடைத்துவிடும், இல்லாவிட்டால் வேறு கட்டிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வாலாஜாபாத் சந்தையில் ஒரு கருவாட்டுக்காரம்மா அந்தச் சமாதானத்தை உடைத்தாள். அந்தக் கரையிலிருந்து வருகிறவள். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: பட்டு நூல் வழக்கில் படகு போன குடும்பம் எப்படி இருக்கிறது?

"கன்னியப்பனா? அவன் கடலுக்கே போறதில்ல பா. கண்ணு தவறிடுச்சாம்! எங்க கரையில அவன் கண்ணு மாதிரி ஒரு கண்ணு உண்டா? தண்ணி நெறத்தப் பாத்து மீனு சொல்லுவான். கொடியே தெரியாத கண்ண நம்பி நாலு உசுர எப்படிக் கூட்டிக்கினு போறதுன்னு சொல்லிட்டு, காஞ்சிவரத்துக்குப் போயி சாயப் பட்டறையில விறகு தள்றான். எடை போடட்டுமா, வெறும் கதை கேக்கத்தான் வந்தியா?"

கருவாடு வாங்கவில்லை. என்ன வாங்க முடியும்? படகைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேனே! அந்த மனிதரின் கண்ணையல்லவா பறித்திருக்கிறேன்... நன்றாக இருந்த கண்ணை!

அப்படித்தான் காஞ்சிபுரத்துக்கு நடந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் விசாரித்துப் பட்டறையைக் கண்டுபிடித்தபோது உச்சிவேளை. செப்பு அண்டாவில் சாயத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பட்டு நூல் சிட்டங்களைக் கோலில் மாட்டி இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துத் தோய்த்துத் தோய்த்து எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கன்னியப்பன். முழங்கை வரை அரக்குச் சிவப்பு.

நான் பயந்துகொண்டு நின்றேன். அவர் என்னைக் கண்டதும் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார்!

"லாஞ்சு தம்பிதானே நீ? இன்னாபா, இப்படி எளச்சிட்டே? வா, வா. பாத்தியா கூத்த? பட்டு கடத்துனேன்னு புடிச்சாங்கோ. இப்ப பட்டுலயே முங்கி எழுந்துக்கினு இருக்கேன், ஒருத்தனும் புடிக்கல!"

கூட நின்றவர் சிரித்தார். எனக்குத் தேநீர் வாங்கிவரச் சொன்னார்கள். ஒரு விறகுக்கட்டையின் மேல் என்னை உட்காரவைத்து, கன்னியப்பன் எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினார். எனக்கு!

"நீ மனசுல வச்சிக்காத தம்பி. உன் வேலைய நீ செஞ்ச. கொடி ஏத்தின. என் கண்ணு பாக்கல, அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

இதற்குமேல் தாங்க முடியுமா? நீங்கள் தாங்குவீர்களா?

"கொடி ஏத்தலண்ணே" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கயிறு, பனைமரம், சட்டை, வேட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். வழியெல்லாம் நினைத்து வைத்திருந்த பெரிய பெரிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"அப்போ... கம்பத்துல ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"நான் திரும்பிப் பாத்தேனே..."

"பாத்தீங்க. கை வச்சிப் பாத்தீங்க. நான் கண்டேன். உங்க கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. இல்லாத கொடி எப்படித் தெரியும்?"

அறைந்தார். வாங்குவேன் என்று தெரிந்துதான் போனேன். ஆனாலும் கட்டையிலிருந்து உருண்டு விழுந்தேன். ஈரச் சாயக் கை. கன்னம் எரிந்தது. கூட நின்றவர் ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கத் தேவையிருக்கவில்லை. அவர் என்னை மறந்துவிட்டிருந்தார்.

வாசலுக்குப் போய் நின்று, வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெரிந்த கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தின் மேல் கை. அதே நிற்கும் விதம்... படகின் பின்பக்கத்தில் நின்றாரே, அதேதான்!

"மேலேருந்து மூணாவது நெலையில மூணு புறா" என்றார். "ஒண்ணு ஒத்தக் கால்ல நிக்குது."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்குக் கோபுரம் தெரிந்தது, புறா தெரியவில்லை. கூட இருந்தவருக்கும் தெரியவில்லை. "எங்க பா புறா? சும்மா அடிச்சி உடுறியா?" என்றார் அவர். அந்த நேரம் எங்கோ வெடி வெடித்தது. கோபுரத்திலிருந்து மூன்று பறவைகள் எழும்பி வட்டமிட்டன. மூன்றேதான்.

கன்னியப்பன் அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார், முகமெல்லாம் சிவப்பாயிற்று. "ரெண்டு வருஷம்டா!" என்று மட்டும் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தன் கண்ணிடம் சொன்னாரா, தெரியாது.

"அண்ணே, என்னை மன்னிச்..."

"அத்த கேக்காத. அத்த கேக்க வந்தியா, இத்த சொல்ல வந்தியா?"

"சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லிட்ட இல்ல. நிறுத்திக்க."

பிறகு காரியத்தைப் பேசினார். மைத்துனர் போட்ட மேல்முறையீடு இன்னும் முடியவில்லை. கொடி ஏற்றியதாக ஒருவன் எழுதிக் கொடுத்திருக்கும்போது எதிர்த்துச் சொல்ல ஆளில்லை என்று வக்கீல் குமாஸ்தா கையை விரித்துவிட்டிருந்தார். திங்கட்கிழமை அந்தக் குமாஸ்தா காஞ்சிபுரத்துக்கு வருகிறார்.

"இப்ப சொன்னத எழுதித் தருவியா? பொய்யா கையெழுத்து போட்டேன்னு உன்னையே உள்ள தள்ளுவாங்கோ."

"தள்ளட்டும்."

"திங்கட்கெழம வரைக்கும் என் கண்ணு முன்னாடியே இரு. ஓடினா எங்க இருந்தாலும் தெரியும். கண்ணு நல்லாத்தான் இருக்குது."

வேறொருவர் சொல்லியிருந்தால் அது மிரட்டல். அவர் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் குரல் எப்படி இருந்தது என்று எழுத எனக்குப் படிப்புப் போதாது.

திங்கள் வரை சும்மா இருந்தால் யார் சோறு போடுவார்கள்? மறுநாள் விடிந்ததும் அடுத்த தெருவில் வேலை தேடினேன்.

அங்கே பாவு போட்டிருந்தார்கள். நெசவுக்கான பட்டு இழைகளைத் தெருவின் நடுவே நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, அறுந்த இழைகளை முடிச்சுப் போடும் வேலை. வெயில் ஏறும்முன் முடிக்கவேண்டும். அதுவரை அந்தத் தெருவில் வண்டி நுழையக்கூடாது. ஒரு மாடு மிரண்டு உள்ளே ஓடினால் ஒரு குடும்பத்தின் மாதக்கணக்கான உழைப்பு அறுந்துபோகும். தனபாக்கியம் என்ற அம்மாள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

"வேலை கேட்டு வந்தியே, மூஞ்சில இன்னாபா அரக்கு? எவ கையி?"

இரவெல்லாம் தேய்த்தும் போகவில்லை. நல்ல பட்டுச் சாயம். ஐந்து விரலும் கன்னத்தில் தெளிவாகத் தெரிந்தன. "ஆம்பள கைதாம்மா" என்றேன். இழை முடிந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

தனபாக்கியம் அம்மாள் ஒரு சிவப்புத் துணியை என் கையில் திணித்தார்.

"முடிச்சுப் போட உனக்கு வராது. தெருமுனையில நில்லு. வண்டி, சைக்கிள் எது வந்தாலும் இத்தத் தூக்கிக் காட்டு. நீ தூக்கினா அந்த முனையில இருக்கிறவனும் பதிலுக்குத் தூக்குவான், அந்தாண்ட எதையும் உடாம நிறுத்திக்குவான். அவன் தூக்குறவரைக்கும் நீ கைய இறக்கக்கூடாது, புரிஞ்சிதா?"

"அந்த முனையில யாரும்மா?"

"கன்னியப்பன். எத்தினி நாளா கூப்புடுறேன், கண்ணு செரியில்ல, என்ன நிறுத்தாதீங்கன்னு சொல்லிக்கினே இருந்தான். இன்னிக்கு நான் வாசல் தெளிக்கிறப்பவே தானா வந்து நிக்கிறான், மகராசன்!"

துணியை வாங்கிக்கொண்டு முனைக்குப் போனேன். துணி கையில் இருந்தது, கயிறு தேவையில்லை. இருந்தும் அதன் முனையை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

விறகு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று திரும்பியது. துணியை உயர்த்தினேன். என் கை எட்டும் அளவுக்கு, குதிகாலைத் தூக்கி உயர்த்தினேன். வண்டி நின்றது. பாவின் இழைகளுக்கு மேலே, தெருவின் மறுமுனையைப் பார்த்தேன். அங்கே ஆள் இருப்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

உடனே ஒரு சிவப்புப் பொட்டு மேலே எழுந்தது. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை!

பார்த்துவிட்டார்... அந்தத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார்!

அந்தப் பதில் அந்தத் துணிக்குத்தான், எனக்கல்ல. அது எனக்குத் தெரியும்.

"எம்மா நேரம் பா நிக்கணும்?" என்றார் வண்டிக்காரர்.

பதில் வந்த பிறகு நான் கையை இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.